மூளைக் கட்டிக்கு லேசர் வைத்த பிறகு வலிப்பு வருமா? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு குறைவு. ஆகவே அங்கே மூளைக் கட்டிக்கு லேசர் செய்துகொண்டு ஊருக்கு வந்து நிற்கிறவர்களும், போனில் "தலையில சின்ன ஓட்டைதானாம்" என்று கேள்விப்பட்டு இங்கே இருந்து யோசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் தாதியாக வேலை பார்த்தவள். என்னிடம் கேட்கப்பட்டவற்றுக்குச் சொன்ன பதில்களைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். குளிசையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டொக்டரின் வேலை, இதை வாசித்துவிட்டு நீங்களாக எதையும் மாற்ற வேண்டாம்.

இது என்ன சிகிச்சை? மண்டையைத் திறக்கிறதே இல்லையா?

மண்டையோட்டைப் பலகை மாதிரி வெட்டித் திறப்பதில்லை. சில மில்லிமீற்றர் அளவில் ஒரு துளை போட்டு, அதனூடாக மெல்லிய லேசர் நார் ஒன்றைக் கட்டியின் நடுவுக்குக் கொண்டுபோய், கட்டியை உள்ளிருந்தே சுடுகிறார்கள். நோயாளி எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் இருக்கும்போதுதான் சுடுவது நடக்கும், ஏனென்றால் எந்த இடம் எவ்வளவு சூடாகிறது என்பதை அந்த ஸ்கான் உடனுக்குடன் காட்டிக்கொண்டே இருக்கும். 43 பாகைக்கு மேல் சில நிமிடம் நின்றால் கலம் சாகத் தொடங்கும், 60 ஐத் தாண்டினால் உடனேயே வெந்து உறைந்துவிடும். நல்ல மூளை இருக்கிற ஓரத்தில் சூடு ஏறினால் லேசரை நிறுத்திவிடுவார்கள். நார் அளவுக்கு மிஞ்சிக் கொதிக்காமல் இருக்க அதன் நுனியைக் குளிர்த்திக்கொண்டும் இருப்பார்கள்.

அமெரிக்காவில் விசுவலேஸ் என்ற கருவிக்கு 2007 இலும், நியூரோபிளேட் என்ற இன்னொரு கருவியின் முதல் வடிவத்துக்கு 2009 இலும் அனுமதி கிடைத்தது. ஆழத்தில் இருக்கிற கட்டி, திரும்பி வந்த கட்டி, வேறு உறுப்பிலிருந்து மூளைக்குப் பரவிய புற்றுநோய், கதிர் அடித்த இடம் அழுகிப்போய் வீங்குவது, இப்படியானவற்றுக்குத்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். ஏறக்குறைய மூன்று சென்ரிமீற்றருக்கு உட்பட்ட கட்டி என்றால் வசதி. அநேகமானவர்கள் ஓரிரு நாளில் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஓட்டை சின்னன்தானே, பிறகு ஏன் வலிப்பு வரவேணும்?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் மூலம். வெளியே இருப்பது ஒன்றிரண்டு தையல் என்பதால் உள்ளேயும் நடந்தது சின்ன வேலை என்று நினைத்து, குளிசையை விட்டுவிட்டு, அடுத்த கிழமையே மோட்டார் சைக்கிளில் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். வலிப்புக்குத் துளையின் அளவு கணக்கில்லை. மூளையின் மேற்பரப்பு நரம்புக் கலங்கள் எவ்வளவு உறுத்தப்படுகின்றன என்பதுதான் கணக்கு.

சுட்ட கட்டியை யாரும் வெளியே எடுப்பதில்லை, அது உள்ளேயே கிடந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டும். கொதிக்கிற சட்டியில் கை பட்டால் பட்ட நேரத்தைவிட அடுத்த நாள்தான் வீக்கம் கூட இருக்கும் இல்லையா, அதுபோல இங்கேயும் முதல் நாட்களில் வீக்கம் ஏறும். ஸ்கானில் பார்த்தால் சுட்ட இடம் முன்பிருந்த கட்டியைவிடப் பெரிதாகக்கூடத் தெரியும், அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, மாதக்கணக்கில் அது சுருங்கும். அந்த வீக்கமும், சிலருக்கு ஏற்படுகிற சிறு இரத்தக்கசிவும், நார் போன பாதையில் பட்ட காயமும் அயலில் உள்ள கலங்களைச் சீண்டுகின்றன. போதாததற்கு, கட்டி என்பதே வலிப்பைக் கொண்டுவருகிற ஒன்று, லேசர் வைத்தாலும் வைக்காவிட்டாலும்.

அப்ப எல்லாருக்கும் வருமா?

இல்லை. பெரும்பாலானவர்களுக்கு லேசருக்குப் பிறகு புதிதாக வலிப்பு வருவதில்லை. யாருக்கு வாய்ப்புக் கூட என்று பார்ப்பதில்தான் பிரயோசனம்.

முதலாவது, சிகிச்சைக்கு முன்னரே வலிப்பு வந்தவர்கள். இவர்களுக்குத்தான் மிக அதிகம். இரண்டாவது, கட்டி இருக்கும் இடம். நெற்றிப் பக்கம், காதுக்கு மேலே உள்ள பொட்டுப் பக்கம், கை கால் அசைவைப் பார்க்கிற பட்டையை ஒட்டிய இடம், இவையெல்லாம் இலகுவில் சீறுகிற இடங்கள். ஆழத்தில் அல்லது சிறுமூளையில் இருந்தால் வாய்ப்புக் குறைவு. மூன்றாவது, கட்டியின் சாதி. இதில் பலர் எதிர்பார்க்காத ஒன்று இருக்கிறது: மெதுவாக வளர்கிற, "பரவாயில்லை" என்று சொல்லப்படுகிற கிளையோமாக்கள் (மூளையிலேயே உருவாகிற ஒரு வகைக் கட்டி)தான் கூட வலிப்பைத் தருகின்றன. அவற்றில் 60 முதல் 80 வீதமானோருக்கு நோயின் ஏதோ ஒரு கட்டத்தில் வலிப்பு வரும், வேகமாக வளரும் கிளையோபிளாஸ்ரோமாவில் அது 30 முதல் 50 வீதம்தான். இது லேசரால் வருகிற கணக்கு இல்லை, கட்டியின் கணக்கு.

எத்தனை நாளுக்குக் கவனமாக இருக்கவேணும்?

முதல் கிழமையில் வருவதை டொக்டர்மார் தனியாக வைத்துப் பார்ப்பார்கள், அது பெரும்பாலும் வீக்கத்தாலும் காயத்தாலும் வருவது. முதல் இரண்டு கிழமையும் வீக்கம் ஏறி இறங்குகிற காலம். அதற்குப் பிறகு வருவது என்றால் வேறு காரணமும் தேடவேண்டும், கீழே சொல்கிறேன்.

வலிப்பு நோய்க்கே லேசர் வைக்கினமாமே? அப்ப எது உண்மை?

இரண்டும் உண்மை. குளிசைக்கு அடங்காத வலிப்பு ஒரே ஒரு இடத்திலிருந்து கிளம்புகிறது என்று தெரிந்தால், அந்த இடத்தை இதே லேசரால் சுடுகிறார்கள். பொட்டுப் பக்க வலிப்பில் ஏறத்தாழ பாதிப் பேர், சிலவேளை அதைவிடக் கொஞ்சம் கூட, வலிப்பில்லாமல் ஆகிறார்கள். அங்கே குறி வைப்பது வலிப்பின் வேரை. கட்டிக்குச் செய்யும்போது குறி கட்டி, வலிப்பின் வேர் கட்டியைச் சுற்றியுள்ள மூளையில் மிச்சம் இருக்கலாம். கட்டியைச் சுட்டதோடு வலிப்பு நின்றுபோனவர்களும் உண்டு, ஆனால் அதை எதிர்பார்த்துக் குளிசையை நிறுத்த முடியாது.

உடம்பில போர்க்காலத்துச் செல் (எறிகணை) துண்டு இருக்கு. எம்ஆர்ஐக்குள்ள போகலாமோ?

இதை நீங்களாகவே, கேட்காவிட்டாலும், முதல் நாளே சொல்லுங்கள். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் தருகிற படிவத்தில் "உடலில் உலோகம் உண்டா" என்று ஒரு வரி இருக்கும். எங்கள் ஆட்கள் அதை ஊசி, தகடு, பேஸ்மேக்கர் என்று விளங்கிக்கொண்டு "இல்லை" என்று அடையாளம் போட்டுவிடுவார்கள். 2009 இல் பட்டது, ஆறிவிட்டது, நோவும் இல்லை, ஆகவே அது நினைவிலேயே வராது. எம்ஆர்ஐயின் காந்தம் இரும்புத் துண்டை இழுக்கும், அசைக்கும். தசைக்குள் தழும்பு மூடிக் கிடப்பது பல நேரம் பிரச்சினை இல்லாமல் போகலாம், கண்ணுக்குள்ளோ மூளைக்குள்ளோ முள்ளந்தண்டுப் பக்கமோ பெரிய இரத்தக்குழாய்க்குப் பக்கத்திலோ என்றால் கதை வேறு. எக்ஸ்ரேயோ சிரி ஸ்கானோ எடுத்து எங்கே, எவ்வளவு பெரிது என்று பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். இந்தச் சிகிச்சை முழுக்க எம்ஆர்ஐக்குள் நடப்பதால், அந்த வழி சரிவராவிட்டால் லேசரும் சரிவராது.

இன்னொன்று, தலையில் துண்டு பட்டவர்களுக்குப் பழைய காயத்தழும்பே வலிப்பைத் தரும், வருடக்கணக்குக் கழித்தும் தரும். லேசர் முடிந்து வலிப்பு வந்தால் அது கட்டியால் வந்ததா, லேசரால் வந்ததா, பழைய காயத்தால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க டொக்டருக்கு அந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும். சொல்லக் கஷ்டமான கதைதான். "தலையில் செல் துண்டுக் காயம், இன்ன வருடம்" என்று ஒரு வரி போதும், எங்கே நின்றீர்கள் என்ன நடந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

அப்பாவுக்கு முன்னம் வலிப்பே வந்ததில்லை. ஏன் வலிப்புக் குளிசை தந்தவை? எப்ப நிற்பாட்டலாம்?

வலிப்பே வராத கட்டி நோயாளிக்கு நீண்ட காலம் "முன்காப்பாக" வலிப்புக் குளிசை கொடுக்கத் தேவையில்லை என்று அமெரிக்க நரம்பியல் வைத்தியர்களின் வழிகாட்டல் 2000 ஆம் ஆண்டிலேயே சொன்னது. 2021 இல் அமெரிக்க, ஐரோப்பிய நரம்புப் புற்றுநோய்ச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்டதும் அதையேதான் சொன்னது. சத்திரசிகிச்சையை ஒட்டிய சில நாட்களுக்குக் கொடுப்பதா இல்லையா என்பது அந்தந்த டொக்டரின் தீர்மானம், அதற்கு ஆதரவாகவோ எதிராகவோ உறுதியான ஆதாரம் இல்லை. ஆகவே அப்பாவுக்குத் தந்தது அந்த நாட்களுக்கான காப்பாக இருக்கலாம். அப்படியானால் அதற்கு ஒரு முடிவுத் திகதி இருக்க வேண்டும். வீடு வருவதற்கு முன் கேளுங்கள்: "இது எத்தனை நாளுக்கு, எப்படிக் குறைக்கிறது?" கேட்காமல் வந்து, வருடக்கணக்கில் அதே மருந்துத் துண்டைக் காட்டி மருந்து எடுத்துக்கொண்டிருக்கிறவர்களையும் கண்டிருக்கிறேன், மூன்றாம் நாளே தூக்கி எறிந்தவர்களையும் கண்டிருக்கிறேன்.

ஒரு தடவையாவது வலிப்பு வந்தவர் என்றால் கதை வேறு, அவருக்குக் குளிசை நீண்டகாலம் தேவைப்படும். திடீரென்று நிறுத்தினால் அதுவே வலிப்பை இழுத்துவிடும், சிலவேளை நிற்காத வலிப்பாக.

கெப்ரா குடிக்கத் தொடங்கின பிறகு அவர் எல்லாத்துக்கும் எரிஞ்சு விழுறார்.

லெவெட்டிராசெட்டம் என்கிற அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு அது. எரிச்சல், சண்டை, அழுகை, மனச்சோர்வு, சிலருக்கு உயிரை மாய்க்கிற எண்ணம்கூட. நோயாலும் கவலையாலும் என்று நினைத்து வீட்டார் பொறுத்துக்கொண்டிருப்பார்கள், நோயாளியும் தன்னையே நொந்துகொண்டிருப்பார். டொக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற வழி இருக்கிறது. சாக வேண்டும் என்று கதைத்தால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் அன்றே கூட்டிக்கொண்டு போங்கள்.

எரிச்சலுக்கு டெக்ஸாமெதசோனும் பங்காளி. வீக்கத்துக்காகத் தருகிற ஸ்டீரொயிட் அது. நித்திரையைக் கெடுக்கும், பசியைக் கிளப்பும், சீனியை ஏற்றும். சலரோகம் உள்ளவர் என்றால் அந்த நாட்களில் சீனியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், மிக ஏறினாலும் மிக இறங்கினாலும் வலிப்பு வரும். அதையும் படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.

கிட்னி வருத்தம் உள்ளவை?

வவுனியாப் பக்கம் இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. லெவெட்டிராசெட்டம் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் பழுதானால் அளவைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் தேங்கி ஆள் தூங்கி வழிவார். வெளிநாட்டு டொக்டருக்கு வன்னியில் காரணம் தெரியாத கிட்னி வருத்தம் இருப்பது தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற, கடைசியாகப் பார்த்த கிரியற்றினின் அளவு எழுதிய துண்டைக் கையில் கொடுங்கள்.

வேறு மருந்துகளோட ஒத்துப்போகுமா?

பெனிட்டோயின், கார்பமசெபைன் போன்ற பழைய வலிப்பு மருந்துகள் ஈரலை வேகமாக வேலை செய்ய வைத்து டெக்ஸாமெதசோனையும் சில புற்றுநோய் மருந்துகளையும் கரைத்துத் தள்ளிவிடும். குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையும் வேலை செய்யாமல் போகலாம். வல்புரோவேட் கருவில் இருக்கும் பிள்ளைக்குக் கெடுதி, பிள்ளை பெறுகிற வயதுப் பெண் என்றால் கட்டாயம் கதைக்க வேண்டிய விஷயம்.

அப்புறம், பாமசியில் துண்டு இல்லாமல் கேட்டு வாங்குவது. நோவுக்கு ட்ரமடோல், சலக்கடுப்புக்கு சிப்ரோபுளொக்சசின், இரண்டும் வலிப்பைச் சுலபமாக்கும். "எனக்கு மூளையில் லேசர் செய்தது, வலிப்புக் குளிசை குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும். காய்ச்சலுக்கு பரசிற்றமோல் பிரச்சினையில்லை. ஆனால் காய்ச்சல் தானே வலிப்பைக் கிளப்பும், எலிக்காய்ச்சலும் டெங்குவும் திரிகிற ஊரில் இரண்டாம் நாளுக்கு மேல் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். சத்திரசிகிச்சை முடிந்த கிட்டடியில் காய்ச்சலோடு கழுத்து விறைப்போ துளைக் காயத்தில் நீர்க்கசிவோ இருந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிதான்.

கனடாவில இருந்து ஊருக்கு வர யோசிக்கிறார். வரலாமோ?

விமானம் ஏறலாமா என்பதை அவருடைய சத்திரசிகிச்சை டொக்டர்தான் சொல்ல வேண்டும், வீக்கம் இறங்கின பிறகுதான் விடுவார். நான் கவலைப்படுவது குளிசை நேரத்தைப் பற்றி. டொரொன்டோவுக்கும் இங்கேக்கும் ஒன்பதரை அல்லது பத்தரை மணித்தியால வித்தியாசம். காலை எட்டு, இரவு எட்டு என்று பழகியவர் கட்டுநாயக்காவில் இறங்கி, "இங்கத்தை எட்டு மணிக்குக் குடிப்பம்" என்று ஒரு வேளையை விட்டுவிடுவார். அதே இரவே வான் வண்டியில் ஏறி ஏ9 வீதி வழியாக விடிய விடிய கிளிநொச்சிக்கு. நித்திரையும் இல்லை, குளிசையும் இல்லை. மருந்து கைப்பையில் இருக்க வேண்டும், பெரிய சூட்கேஸில் அல்ல. பன்னிரண்டு மணித்தியால இடைவெளியைப் போனில் மணி வைத்துக் காப்பாற்றி, ஊர் நேரத்துக்கு மெல்ல நகர்த்துங்கள்.

வயல் காவல், கோயில், விரதம், கள்ளு?

நித்திரை முழிப்பு வலிப்புக்குக் கதவைத் திறந்துவிடும். யானைக்கும் பன்றிக்கும் இரவிரவாகக் குடிலில் காவல் இருக்கிற வேலையை இந்த வருடம் தம்பியோ மருமகனோ பார்க்கட்டும். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகலாம், விடியும்வரை நிற்காமல் நேரத்துக்குத் திரும்பினால் சரி. கந்தசஷ்டி பிடிக்கிறவர்கள் தண்ணீரும் குளிசையும் நேரத்துக்கு எடுக்க வேண்டும், குளிசை விழுங்கினால் விரதம் முறிந்துவிடும் என்று எந்த ஐயரும் சொல்லி நான் கேட்டதில்லை. கள்ளோ சாராயமோ வேண்டாம். தினமும் குடித்து வந்தவர் ஒரே நாளில் நிறுத்தினாலும் வலிப்பு வரும், ஆகவே சிகிச்சைக்கு முன்னமே அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கிணத்தில குளிக்கலாமோ? கடலுக்குப் போகலாமோ?

கட்டுத் தாழ்ந்த கிணற்றில் குனிந்து தண்ணீர் அள்ளுவது கூடாது. யாராவது அள்ளித் தரட்டும், அல்லது மோட்டார் போட்டு வாளியில் பிடித்துக் குளிக்கட்டும். குளத்திலும் வாய்க்காலிலும் தனியே இறங்கக் கூடாது, முழங்கால் தண்ணீரே ஆளை முடித்துவிடும். முல்லைத்தீவில் கடற்றொழில் செய்கிறவருக்கு இது வயிற்றுப்பாடு, எனக்கு விளங்குகிறது, ஆனாலும் டொக்டர் சரி சொல்லும்வரை படகு வேண்டாம், கரை வேலை பார்க்கட்டும். அடுப்பு, பனை தென்னை ஏறுவது, லாண்ட்மாஸ்டர், புல்லு வெட்டுகிற மெஷின், எல்லாம் அதே கணக்குத்தான்.

வாகனம் ஓட்டுவது பற்றி ஒவ்வொரு நாட்டுக்கும் சட்டம் உண்டு. பிரித்தானியாவில் மூளைக் கட்டியையும் வலிப்பையும் சாரதி தானே அறிவிக்க வேண்டும். இங்கே யாரும் மறித்துக் கேட்கமாட்டார்கள் என்பதற்காக ஏ9 இல் பஸ்ஸுக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் போவது, பின்னால் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போவது, அது எனக்குக் கோபம் வருகிற விஷயம்.

கை கால் வெட்டி இழுத்தாத்தான் வலிப்பா?

இல்லை. ஒரு பக்க உதடு மட்டும் துடிக்கும். பெருவிரல் மட்டும் ஆடும். கதைத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று சொல் வராமல் நிற்பார், முழிப்பார், ஆனால் கூப்பிட்டால் திரும்பமாட்டார். இல்லாத எரிந்த மணம் ஒன்று வரும். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். "யோசினையில் இருக்கிறார்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வந்து ஒரே மாதிரிப் போனால் சந்தேகப்படுங்கள், முடிந்தால் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். டொக்டருக்கு நீங்கள் சொல்கிற கதையைவிட அந்த வீடியோ பெரிய உதவி.

வந்தால் என்ன செய்யிறது? திறப்புக் கொத்துக் கையில குடுக்கட்டோ?

வேண்டாம். இரும்பு கொடுத்து வலிப்பு நின்றதாகச் சொல்வது, அது தானாக நிற்கிற நேரத்தில் இரும்பு கையில் இருந்ததால். வாய்க்குள் கரண்டியோ விரலோ வைக்காதீர்கள், தண்ணீர் பருக்காதீர்கள், ஆளை அமுக்கிப் பிடிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே சாரம் ஒன்றை மடித்து வைத்து, நேரத்தைப் பாருங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும், ஆகவே உண்மையிலேயே மணிக்கூட்டைப் பாருங்கள்.

ஐந்து நிமிடம் தாண்டினால், நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தால், மூச்சு ஒழுங்கில்லாவிட்டால், காயப்பட்டால், இதுதான் முதல் வலிப்பு என்றால், 1990 க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை. உள்ளொழுங்கை வீடுகளைக் கண்டுபிடிக்கக் கஷ்டம், ஒருவரைச் சந்திக்கோ கோயிலடிக்கோ அனுப்பி நிற்கச் சொல்லுங்கள். ஒட்டுசுட்டானுக்கு அப்பால், காட்டுப் பக்கம் இருக்கிறவர்கள், வலிப்பை நிறுத்தக் கன்னத்துக்குள் விடுகிற மிடசொலாம் மருந்தை வீட்டில் வைத்திருக்கலாமா என்று டொக்டரிடம் முன்கூட்டியே கேட்பது நல்லது.

வலிப்பு நிண்ட பிறகு ஒரு கை தூக்க ஏலாமல் கிடந்தது. பாரிசவாதமோ?

வலிப்பு முடிந்ததும் அந்தப் பக்கம் சில நிமிடம் முதல் சில மணித்தியாலம் வரை சோர்ந்து கிடக்கும், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் திரும்பிவிடும். ஆனால் லேசர் செய்தவருக்கு வீக்கம் கூடியதாலும் இரத்தம் கசிந்ததாலும் கை விழலாம், வீட்டிலிருந்து பார்த்து இது எது என்று யாராலும் சொல்ல முடியாது. சிரி ஸ்கான் தேவை. காத்திருக்க வேண்டாம்.

ஆறு மாசம் கழிச்சு வந்திருக்கு. கட்டி திரும்பிட்டுதோ?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். குளிசை தவறியதா, வாந்தியா, காய்ச்சலா, நித்திரை இல்லையா, இரத்தத்தில் உப்பு இறங்கியதா என்று முதலில் பார்ப்பார்கள். அதோடு ஸ்கான் கட்டாயம் எடுப்பார்கள், ஏனென்றால் நன்றாக அடங்கியிருந்த வலிப்பு காரணமில்லாமல் கூடுவது கட்டி வளர்வதன் முதல் அடையாளமாக இருக்கக்கூடும். கதிர் அடித்தவர்களுக்கு அதன் பின்விளைவும் இதே மாதிரித் தெரியும்.

ஆஸ்பத்திரிக்கு என்ன கொண்டு போறது?

கிளிநொச்சியோ மாஞ்சோலையோ வவுனியாவோ, இரவு கடமையில் இருக்கிற இளம் டொக்டர் இந்தச் சிகிச்சை பெற்ற ஒருவரை முன்னர் பார்த்திருக்கத் தேவையில்லை. வெளிநாட்டு ஆஸ்பத்திரி தந்த சுருக்கம், சிகிச்சைத் திகதி, கட்டியின் பெயர், எந்தப் பக்கம், கடைசி ஸ்கானின் அறிக்கை, இப்போது குடிக்கிற குளிசைகளின் பெயரும் மில்லிகிராமும், கடைசியாகக் குடித்த நேரம், இத்தனையும் வேண்டும். சுருக்கத்தைப் படம் பிடித்து வீட்டில் இரண்டு பேரின் போனிலாவது வைத்திருங்கள். ஸ்கான் படங்கள் உள்ள சிடியையும் எடுத்துப் போங்கள், யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ மாற்றினால் அங்கே பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள். குளிசைப் பெட்டியையும் அப்படியே பையில் போடுங்கள், "வெள்ளைக் குளிசை, நீட்டு" என்று சொன்னால் யாருக்கும் எதுவும் விளங்காது.